முனியாண்டி கிடாயும் முத்துராஜாவின் காலும்

பதுளைப் பக்கம் எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து முனியாண்டிக்கு வருடத்துக்கு ஒரு தடவை கிடாய் வெட்டுகிறோம். ஸ்பிரிங்வெளிக்கு மட்டும் உரிய வழக்கமல்ல இது. பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று ஊவாவில் லயம் இருக்கிற இடத்திலெல்லாம் ஒரு முனியோ மாடசாமியோ காவலுக்கு இருப்பார். தேயிலை ஸ்டோர்ப் பக்கம் போனால் ரோதமுனி இருப்பார். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாய் உடம்பை உலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று கணக்கு. இந்த வழக்கத்தையும் ஒரு காரணமாகக் காட்டி, இந்து சமுத்திரத்தின் மறுகரையில் இருக்கும் நம் தூரத்துச் சொந்தங்களைக் காட்டுமிராண்டிப் பரம்பரை என்று ஒருவர் எழுதினார். எழுதியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சினிமாவை உதறிவிட்டு மிருகங்களுக்காக வாழ்கிறவர் என்று உலகம் கொண்டாடிய பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ.

ரியூனியன் என்ற தீவு மடகஸ்காருக்குக் கிழக்கே இருக்கிறது; பிரான்சுக்குச் சொந்தம். 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கப்பல் கப்பலாக நம் சனங்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து நடந்து, இந்த மலைகளுக்குக் கோப்பி நட வந்தார்கள். ரியூனியனுக்குப் போனவர்களின் வாரிசுகளில் பெரும்பாலோருக்கு இன்று தமிழ் பேச வராது. ஆனால் மாரியம்மனை மறக்கவில்லை, தீமிதியை மறக்கவில்லை, கிடாய் வெட்டையும் மறக்கவில்லை.

2019 மார்ச்சில் அந்தத் தீவின் நிர்வாகத் தலைவருக்கு பார்தோ ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தெருவில் விடப்பட்ட நாய் பூனைகள் படும் பாடு, தமிழர் திருவிழாக்களில் ஆட்டின் தலையைத் துண்டிப்பது எல்லாம் அதில் இருந்தன. அத்தோடு நிற்கவில்லை. அந்த மக்களின் இரத்தத்திலேயே காட்டுமிராண்டிக் குணம் ஓடுகிறது, சீரழிந்த சனம், நரமாமிசம் தின்ற காலத்தின் மிச்சம் இன்னும் போகவில்லை என்ற பொருள்பட எழுதிவிட்டார். 2021 நவம்பரில் ரியூனியன் நீதிமன்றம் இன அவமதிப்புக் குற்றத்துக்காக அவருக்கு 20,000 யூரோ அபராதம் விதித்தது. அவருக்கு இது முதல் தடவையும் இல்லை. முஸ்லிம்களின் ஆடறுப்பைச் சாக்காக வைத்து அந்தச் சமூகத்தையே தாக்கிப் பேசியதற்காக பிரான்ஸ் நீதிமன்றங்கள் முன்பே அவரைத் தண்டித்திருக்கின்றன.

கடிதத்தில் இருந்ததெல்லாம் பொய்யா என்றால், இல்லை. ரியூனியனில் சிலர் உயிருள்ள நாயைத் தூண்டிலில் கோத்துச் சுறாவுக்கு இரையாக்கிய கொடுமை 2005இல் வெளியே வந்தது. பிடிபட்டுத் தண்டனை அனுபவித்த ஆளும் உண்டு. ஆட்டுத் தலை வெட்டப்படுவதும் உண்மை. அதை ஒருவர் கண்டிப்பதற்கு அவர் தமிழராக இருக்கவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வதைபடுகிற மிருகத்துக்காக எந்த நாட்டுக்காரரும் வாய் திறக்கலாம், திறக்க வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். நாயைத் தூண்டிலில் கோத்தவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவன் மேல் வழக்குப் போடலாம். அதை விட்டுவிட்டு எட்டு இலட்சத்துக்கு மேல் சனம் வாழும் தீவை இழுத்து வைத்து இரத்தப் பரிசோதனை செய்ய இந்த அம்மாளுக்கு யார் உரிமை கொடுத்தது?

இரத்தப் பரிசோதனை என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஏனென்றால் என் தொழில் அது மாதிரிதான். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மனுசருக்குத்தான் மருந்து. ஆனால் மிருக வைத்தியர் பதுளையிலிருந்து ஏறி வருவதற்குள் மாடு செத்துவிடும் என்பதால், பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் நாய்க்குக் கால் முறிந்தாலும் "டிஸ்பென்சரையா" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் கிடாய் வெட்டைப் பற்றியும் எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது.

ஒரு திருவிழாவில் வெட்டுகிறவர் நன்றாகப் போட்டிருந்தார். கத்தியும் மொட்டை. முதல் வெட்டு கழுத்தில் பாதிதான் இறங்கியது. கிடாய் முன்னங்காலை மடித்து உட்கார்ந்து, திறந்த கழுத்தோடு மூச்சை இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் இரத்தத்தில் நுரை வந்தது. பிடித்திருந்த பையன் பயத்தில் கயிற்றை விட்டுவிட்டான். மேளக்காரர்கள் ஒன்றும் நடக்காதது போல அடித்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கே கோயில் கமிட்டியில் சொன்னேன்: வெட்டுவதானால் நிதானத்தில் இருக்கிறவன், தீட்டிய கத்தியால், ஒரே வெட்டில் முடிக்கட்டும், முடியாதென்றால் பொங்கலோடு நிறுத்துங்கள். "சாமி காரியத்துல ஊசி போட வந்துட்டாரு" என்று ஏசினார்கள். கொஞ்ச காலம் சிலர் முகம் கொடுத்தும் பேசவில்லை. பிறகு கத்தியைப் பரிசோதிக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். இப்போது சில குடும்பங்கள் பூசணிக்காயோடு நிறுத்திக்கொள்கின்றன. ஏசிக்கொண்டாவது அவர்கள் கேட்டதற்குக் காரணம், நானும் அந்தக் கறியைத் தின்று வளர்ந்தவன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான். பாரிசிலிருந்து ஒரு கடிதம் வந்து, உங்கள் இரத்தமே கெட்ட இரத்தம் என்று சொல்லியிருந்தால், அடுத்த வருடம் கிடாய் ஒன்றுக்கு மூன்றாக வெட்டியிருப்போம். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

உள்ளேயிருந்து வரும் குரல்தான் எடுபடும் என்பதைத் தென் கொரியாவிலும் பார்க்கலாம். பக்கத்து டிவிஷன் பையன் ஒருவன் அங்கே வேலைக்குப் போகக் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறான். சந்தித் தேத்தண்ணிக் கடையில் அவனைக் கண்டால் பெரியவர்கள் விட மாட்டார்கள். "நாய்ச் சூப்பு குடிக்கவாடா போற?" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் குரைத்துக் காட்டுவார்கள். ஒரு நாள் பையன் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னான்: "அங்க சட்டம் போட்டுட்டாங்க மாமா. நம்ம ஊருல நாயை அடிச்சுக் கொன்னா என்னா சட்டம் இருக்கு, சொல்லுங்க?" கடையில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அவன் சொன்னது சரி. 2024 ஜனவரி 9ஆம் திகதி தென் கொரியப் பாராளுமன்றம் நாயை இறைச்சிக்காக வளர்ப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடைசெய்தது. ஆதரவாக 208 வாக்கு, எதிராக ஒன்றுகூட இல்லை. தொழிலை விட்டு வெளியேற மூன்று வருட அவகாசம், 2027இலிருந்து தண்டனை. இதை யார் சாதித்தது? அந்த நாட்டு மிருகநேயர்கள். நாய்ப் பண்ணைகளுக்குள் போய்ப் படம் பிடித்தவர்கள், சந்தை வாசலில் பதாகை பிடித்து நின்றவர்கள், நாயை வீட்டுப் பிள்ளையாக வளர்க்கத் தொடங்கிய இளம் தலைமுறை. 2001இல் இதே பார்தோ கொரிய வானொலி ஒன்றில் நாய் தின்பவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசிவிட்டு, எதிர்க்கேள்வி கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த ஏச்சால் ஒரு நாய் பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நாய்க்கறியை வெறுத்த கொரியனுக்குக்கூட அன்றைக்குத் தன் நாட்டுக்காகப் பரிந்து பேச வேண்டிவந்திருக்கும்.

சீனர் விஷயத்தில் நாம் பார்தோவுக்குக் குறைந்தவர்கள் இல்லை. 2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர, நம் நாட்டுக் குரங்குகள் ஒரு இலட்சத்தை சீனாவுக்கு அனுப்பும் யோசனையைச் சொன்னார். எதிர்ப்பு வந்தது நியாயம். ஆனால் கடைப் பேச்சு முழுக்க "சீனன் எதைத்தான் விட்டான்" என்பதாக இருந்தது. யோசனையை வெளியிட்டது நம் அமைச்சர். அப்படியொரு கோரிக்கை பற்றித் தமக்குத் தெரியாது என்று சொன்னது சீனத் தூதரகம். கடைசியில் நம் நாட்டுச் சூழலியலாளர்கள் நீதிமன்றம் போய்த்தான் அது நின்றது. அதே சீனாவில் 2011இல் பெய்ஜிங்குக்கு அருகே நெடுஞ்சாலையில் நாய் ஏற்றிய லொறியை மறித்து, பேரம் பேசி, காசு கொடுத்து நூற்றுக்கணக்கான நாய்களை மீட்ட சீனர்கள் இருக்கிறார்கள். ஷென்சென் நகரம் 2020 மே முதல் நாய், பூனை இறைச்சியைத் தடைசெய்துவிட்டது. இதெல்லாம் நம் கடைவாசலுக்கு வருவதில்லை.

இப்போது நாமே கூண்டில் நின்ற கதைக்கு வருகிறேன். முத்துராஜா என்ற யானையை மறந்திருக்க மாட்டீர்கள். தாய்லாந்து 2001இல் நமக்கு அன்பளிப்பாகக் கொடுத்த யானைகளில் ஒன்று. அங்கே அதன் பெயர் சக் சுரின். அளுத்கம கந்தே விகாரையின் பொறுப்பில் இருந்தது. கவனிப்பு இல்லை, மரம் இழுக்க வைக்கிறார்கள், புண்ணுக்கு மருந்து போடுவதில்லை என்று குற்றச்சாட்டுகள் வந்தன. 2022 நவம்பரில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு மாற்றினார்கள். 2023 ஜூலை 2ஆம் திகதி, அதற்கென்றே செய்த இரும்புக் கூட்டில் ஏற்றி, ரஷ்யத் தயாரிப்பான பெரிய சரக்கு விமானத்தில், கட்டுநாயக்கவிலிருந்து சியாங்மாய்க்குக் கொண்டுபோனார்கள். கொடுத்த சீதனத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவது போலத்தான். அப்போதைய பிரதமர் தினேஷ் குணவர்தன தாய்லாந்து மன்னரிடம் வருத்தம் தெரிவித்ததாகப் பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதன் படங்களை நான் தொழில் பழக்கத்தில் உற்றுப் பார்த்தேன். இடது முன்னங்கால் மடங்காமல் கட்டை போல நிற்கிறது. உடம்பில் சீழ்க்கட்டுகள். மனுசன் உடம்பில் ஒரு சீழ்க்கட்டு வந்தால் முதலில் சிவக்கும், பிறகு சூடு, பிறகு வீக்கம், பிறகுதான் சீழ் திரளும். கவனிக்காமல் விட்டால் உடைந்து, ஆறி, மறுபடி திரளும். யானைத் தோலின் கனத்துக்கு அது உள்ளேயே எவ்வளவு காலம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாளில் வந்த புண் இல்லை அது. தினமும் அதைப் பார்த்துவிட்டுப் போன கண்கள் இருந்திருக்கின்றன. அந்தக் கண்களுக்கு உரியவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுக்காரன் நம் மானத்தை வாங்கிவிட்டான் என்று புலம்புவது அந்தப் புண்ணை இரண்டாம் தடவை மூடி வைக்கிற வேலை.

அந்த நாட்களில் தாய்லாந்துக்காரர்கள் முகநூலில் எழுதியதையெல்லாம் பேரன் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினான். இலங்கைக்காரர் கொடூரர், அந்த நாட்டுக்குப் போகாதீர்கள், புத்தர் பெயரைச் சொல்லத் தகுதியில்லாதவர்கள் என்று ஒரே கொதிப்பு. பதிலுக்கு நம்மவர்கள், நீங்கள் யானைக் குட்டியைக் கட்டிவைத்து அடித்துப் பழக்கிச் சுற்றுலாக்காரனுக்குச் சவாரி விடுகிறவர்கள்தானே என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பக்கமும் உண்மை கொஞ்சம் இருந்தது. யானைதான் அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை.

அவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம், முத்துராஜாவுக்காகத் தாய்லாந்து அதிகாரிகளின் கதவைத் தட்டியவர்கள் இலங்கைக்காரர்கள் என்பது. நம் நாட்டு மிருக உரிமை அமைப்பான 'ரெயார்' இங்கே முறையிட்டுப் பார்த்து, பலனில்லாமல் போகவே தாய்லாந்துத் தரப்பிடம் போனது. அந்த யானைக்கு தெஹிவளையில் மருந்து போட்ட கைகளும் நம் கைகள்தான். விமானத்தில் நான்கு தாய்லாந்துப் பாகர்களோடு நம் நாட்டுப் பராமரிப்பாளர் ஒருவரும் போனார். இலங்கைக்காரர் கொடூரர் என்று எழுதிய விரல் இவர்களையும் சேர்த்துத்தான் குத்தியது.

அதற்கு நான்கு வருடம் முன்பு, 2019 ஓகஸ்டில், கண்டிப் பெரஹராவில் நடந்த டிக்கிரி என்ற எழுபது வயது யானையின் படம் உலகமெல்லாம் ஓடியது. ஜொலிக்கும் ஆடைக்குள் எலும்பும் தோலுமாக இருந்தது. அந்தப் படத்தை வெளியிட்டவர் தாய்லாந்தில் யானைகளைக் காப்பாற்றும் லெக் சைலெர்ட் என்ற பெண்மணி. அடுத்த மாதமே டிக்கிரி செத்துப்போனது. லெக் சைலெர்ட்டை நான் மதிப்பதற்குக் காரணம், தன் சொந்த நாட்டில் யானைக் குட்டிகளை அடித்துப் பழக்கும் முறையை அவர் பல வருடங்களாக எதிர்த்து, அங்கே பகையும் சம்பாதித்தவர் என்பதுதான். வெளியூர்க் கொடுமையைச் சொல்ல வருகிறவரிடம் நான் முதலில் பார்ப்பது, உள்ளூரில் எதையாவது சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறாரா என்பதைத்தான்.

ஒரே இனத்துக்குள் இரண்டு விதமும் இருக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்துப் பழைய கதை ஒன்றும் உண்டு. பதுளை டவுனுக்குப் போகிறவர்கள் சென்ட் மார்க்ஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பார்கள். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் நினைவாகக் கட்டியது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஊவாவுக்கு ரோட்டுப் போட்டவர் என்ற நல்ல பெயரும் உண்டு. யானை சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. 1,400க்கு மேல் சுட்டார் என்பது வழிவழியாக எழுதப்பட்டு வரும் கணக்கு. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். யானைச் சாபம் என்பார்கள் எங்கள் கிழவிகள். அந்தக் காலத்தில் யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. வடக்கில் மட்டும் 1848க்கு முன்பு மூன்று வருடத்துக்குள் 3,500 யானை கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். இத்தனைக்கும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1822இலேயே மாட்டையும் குதிரையையும் வதைப்பது குற்றம் என்று சட்டம் போட்டுவிட்டது. துப்பாக்கி தூக்கியவனும் சட்டம் எழுதியவனும் ஒரே இனம். வெள்ளைக்காரன் எப்படிப்பட்டவன் என்று என்னைக் கேட்டால், எந்த வெள்ளைக்காரன் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

இதையெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்று படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த வியாதி நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் உயிரை வாங்குகிற அளவுக்கு. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிரான கூச்சல் எழுந்தது நினைவிருக்கும். அந்த வருடம் வெசாக் தினமான மே 24ஆம் திகதி, மாடறுப்பை நிறுத்தக் கோரி ஒரு பிக்கு தலதா மாளிகை முன்னால் தீக்குளித்தார், மறுநாள் இறந்தார். அந்த மனுசனின் நோவை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மாட்டுக்காக என்று தொடங்கிய மேடைப் பேச்சு, முஸ்லிம் என்றாலே கொலைகாரன் என்பதில் போய் முடிந்ததை நாம் கேட்டோம். அடுத்த வருடம் ஜூனில் அளுத்கமயில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தன. மாட்டுக்காகத்தான் எரிந்தன என்று சொல்ல மாட்டேன். அந்த நெருப்புக்கு அடுக்கிய விறகில் மாட்டின் பெயர் எழுதிய விறகும் இருந்தது.

தோட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பால் வற்றிய பசுவை என்ன செய்வது? புல் அறுக்க நேரமில்லை, புண்ணாக்கு வாங்கக் காசில்லை. பதுளையிலிருந்து மாடு வாங்கும் முஸ்லிம் நானா வருவார். விலை பேசி, காசை எண்ணி வாங்கிக்கொண்டு, மாடு லொறியில் ஏறும்போது மட்டும் வீட்டுக்காரம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். வாலை முறுக்கி ஏற்றுவதும், தலை அசைக்க முடியாமல் இறுக்கிக் கட்டுவதும் பார்க்கச் சகிக்காது, உண்மை. அது கொடுமை, லொறியை மறித்துப் பொலிசில் சொல்லலாம், நான் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அதே வீட்டுக்காரர் அடுத்த வாரம் கடையில் உட்கார்ந்து, நானாமாருக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது எங்கே போகிறது என்று தெரியாமலா கயிற்றைக் கையில் கொடுத்தீர்கள்?

எங்கள் மேலும் அதே கல் விழுகிறது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையைச் சனம் அடித்துக் கொன்றது; கொன்றபின் அதோடு நின்று படம் எடுத்தார்கள். அடித்தவர்களை நீதிமன்றம் தேடிப் பிடிக்கச் சொன்னது சரியான காரியம். அதற்குள் தமிழன் என்றால் இப்படித்தான் என்று நாடு முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து செய்தும் சில நாளில் செத்தது. அப்போது கிளம்பிய ஏச்சு 'தோட்டக்காட்டான்' என்பது. காட்டுப்பன்றிக்கு என்று பிரேக் கேபிளில் சுருக்கு வைக்கிறவன் மலைநாட்டில் எல்லா இனத்திலும் இருக்கிறான். ஏச்சு மட்டும் லயத்துக்கு வந்து சேர்ந்தது.

சுருக்கின் வேலை என்னவென்று பார்த்திருக்கிறேன். மாட்டிய மிருகம் விலக விலகக் கம்பி இறுகும். தோல் அறுந்து, தசை அறுந்து, கம்பி எலும்பில் நிற்கும். சுற்றிலும் ஒரு வட்டத்துக்குப் புல் கிளம்பி, மண் உழுதது போலக் கிடக்கும். அதைப் பார்த்தபிறகு சுருக்கு வைத்தவனுக்குப் பரிந்து பேச எனக்கு வாய் வராது. அவன் என் சொந்தக்காரனாக இருந்தாலும் சிறைக்குப் போகட்டும். என் கையால், சிறுத்தை கீறிய கொழுந்துக்காரப் பெண்ணின் தோளுக்கும் தையல் போட்டிருக்கிறேன். அவளைப் பற்றி அந்த நாட்களில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

இனத்தையே ஏசுவதால் வரும் பெரிய நட்டம் மானம் போவதுகூட இல்லை, சாட்சி போவதுதான். சுருக்கு எந்த மலையில் இருக்கிறது, யார் வைத்தது என்பது கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்குத் தெரியும். கருஞ்சிறுத்தை செத்த சமயத்தில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் பள்ளத்து ஓரமாகப் போய்க் குறட்டால் சுருக்குக் கம்பிகளை வெட்டி எடுத்து வந்தார்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள் என்றேன். "வேணாங்கையா, கம்பி கையில இருந்தா நம்மளத்தான் புடிப்பாங்க. தோட்டத்தான்னாலே வெச்சவன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றார்கள். கம்பி இரும்புக்கடைக்குப் போனது. வைத்தவன் வேறு கம்பி வாங்கியிருப்பான். எல்லோரையும் குற்றவாளி ஆக்கினால் உண்மையான குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள ஒரு கூட்டமே கிடைத்துவிடுகிறது. தாய்லாந்தானோ சீனனோ கொரியனோ, அங்கேயும் இதுதான் நடக்கும்.

ஆகவே இனி வெளிநாட்டிலிருந்து ஒரு கொடுமைப் படம் வந்தால் கொதியுங்கள், தப்பில்லை. எந்த ஊர், எந்த ஆள், எந்தக் கம்பனி, எந்தச் சட்டம் என்று கேளுங்கள். அந்த நாட்டில் அதை எதிர்க்கிறவர் யார் என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள், கட்டாயம் ஒருவர் இருப்பார். பகிர்வதானால் அவர் சொல்வதைப் பகிருங்கள். வேட்டையை ஏசுங்கள், பண்ணையை ஏசுங்கள், அனுமதி கொடுத்த அமைச்சரை ஏசுங்கள். "இவனுங்களே இப்படித்தான்" என்று விரல் எழுதத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

கொரியாவுக்குப் போகிற பையன் கேட்ட கேள்விக்குக் கடையில் வராத பதிலையும் எழுதிவிடுகிறேன். சட்டம் இருக்கிறது: 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது. அதில் அதிகபட்ச அபராதம் நூறு ரூபாய். இன்றைக்கு ஒரு பால்தேத்தண்ணிக் காசு. அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் மிருக நலன் சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. 2016இல் அமைச்சரவை இணங்கியது. முத்துராஜா விமானம் ஏறிய 2023இலும் அது சட்டமாகியிருக்கவில்லை. பதுளை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போயிருப்பவர்கள் வாக்குக் கேட்டு நம் லயத்து வாசலுக்கு வந்தவர்கள்தான். அந்தச் சட்டமூலம் இப்போது எந்த மேசையில் கிடக்கிறது என்று அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். மலையில் சுருக்கைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992. கம்பியை நீங்கள் தொட வேண்டாம். இடத்தைச் சொன்னால் போதும்.